புலனக் குழுவா, ஆர்எஸ்எஸ் ஓடையா: தோட்டத்து ஊருக்கு எது சரிப்படும்?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் யாருடைய கைப்பேசியைத் திறந்தாலும் ஏழெட்டுப் புலனக் (வாட்சாப்) குழுக்களாவது இருக்கும். தாமான் (குடியிருப்பு) குழு, கோயில் நிர்வாகக் குழு, பிள்ளைகளின் வகுப்புக் குழு, பழைய தோட்டத்து ஆட்கள் குழு, சொந்தக்காரர்கள் குழு, அப்புறம் யார் சேர்த்துவிட்டது என்றே தெரியாத ஒன்றிரண்டு. காலையில் எழுந்தால் நூறு தகவல் காத்திருக்கும், பாதிக்கு மேல் ‘காலை வணக்கம்’ பூப்படம். இதில் சலித்துப்போன சிலர்தான் ஆர்எஸ்எஸ் பக்கம் போய்விடலாமா என்று கேட்கிறார்கள். (இந்தியாவில் இருக்கும் அமைப்பைச் சொல்லவில்லை, இணையத்தளங்கள் தங்கள் புதிய பதிவுகளைத் தெரிவிக்க வைத்திருக்கும் செய்தியோடையைச் சொல்கிறேன்.) போகலாம், ஆனால் முழுசாகப் போய்விட முடியாது என்பதுதான் என் கணக்கு. ஆர்எஸ்எஸ் அருமை, எல்லாரும் மாறுங்கள் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தினமும் ஐம்பது இணையத்தளம் மேய்கிற வேலையில் இருப்பவர்கள். நம் ஊரில் நமக்கு வேண்டிய தகவலில் பாதி எந்த இணையத்தளத்திலும் வருவதே இல்லை.

ஓடை என்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. இணையத்தளத்தில் புதிதாக ஏதாவது வந்தால் அந்தக் கோப்பில் ஒரு பதிவு சேரும்: தலைப்பு, இணைப்பு, நாலு வரிச் சுருக்கம் அல்லது முழுக் கட்டுரை, வெளியான தேதியும் நேரமும். நம் கைப்பேசியில் இருக்கும் வாசிப்புச் செயலி அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை போய் அந்தக் கோப்பை எட்டிப் பார்க்கும், மாறியிருந்தால் எடுத்துவந்து வரிசையாக அடுக்கும். அவ்வளவுதான் விஷயம். உனக்கு இது பிடிக்கும், அது பிடிக்காது என்று நடுவில் உட்கார்ந்து தீர்மானிக்க ஆளே கிடையாது. 1999ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இதைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் ராமநாதன் குகா, சென்னை ஐஐடியில் படித்தவர். 2002ல் டேவ் வைனர் வெளியிட்ட 2.0 வடிவம்தான் இன்றைக்கும் பரவலாக ஓடுகிறது. ஆட்டம் என்று இன்னொரு வடிவம் 2005ல் வந்தது. எந்தச் செயலியும் இரண்டையும் படிக்கும் என்பதால் நமக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

தேதி இருக்கிறது, ஊர் இல்லை

‘நாளைக்குக் காலை ஒன்பது மணியிலிருந்து தண்ணி வராது, எல்லாரும் பிடிச்சு வெச்சுக்குங்க’ என்று தாமான் குழுவில் ஒரு தகவல் வருகிறது. எந்த நாளை? அனுப்பியவர் இன்னொரு குழுவிலிருந்து எடுத்துப் போட்டிருப்பார், அவருக்கு அனுப்பியவருக்கு வேறொரு குழுவிலிருந்து வந்திருக்கும். போன மாதத்துத் தண்ணீர் வெட்டு இந்த மாதம் சுற்றிவரும், தொட்டி வாளி குடம் எல்லாம் நிரப்பி வைத்தால் குழாயில் தண்ணீர் ஜோராக வந்துகொண்டிருக்கும். உதவித்தொகை விண்ணப்பம், பள்ளி விடுமுறை, கிளினிக் நேரமாற்றம், எல்லாவற்றிலும் இதே கதைதான். பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, அது வந்த அன்றைக்கு அது உண்மைதான். இந்த மாதிரி சுற்றுகிற தகவல்களைச் சரிபார்க்க 2017ல் அரசாங்கமே ‘செபெனார்ஞா’ என்று ஒரு தளம் திறக்கவேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடையில் இந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லை. ஒவ்வொரு பதிவோடும் கிழமை, தேதி, மணி, நிமிடம் வரும், கூடவே அது எந்த நாட்டு நேரம் என்ற குறியும் வரும்; நம் நாட்டு நேரமாக இருந்தால் கூட்டல் 0800 என்று இருக்கும். யார் வெளியிட்டது என்பது தலைப்புக்குப் பக்கத்திலேயே தெரியும், இணைப்பைத் தட்டினால் மூலத்துக்கே போய்விடலாம். பழைய செய்தி புதிய செய்தி வேடம் போட்டுக்கொண்டு வருவது ரொம்பக் கஷ்டம். எனக்கு ஆர்எஸ்எஸ்ஸில் பிடித்த முதல் குணம் இதுதான், விளம்பரம் குறைவு, சத்தம் குறைவு என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஆனால் அந்தத் தண்ணீர் வெட்டு, ஓடையில் வருமா? பெரும்பாலும் வராது. கோயில் திருவிழாவுக்குச் சாலையை எத்தனை மணிக்கு அடைப்பார்கள், ஆலையில் இன்றைக்குச் செம்பனைக் குலைக்கு என்ன விலை போடுகிறார்கள், பள்ளிப் பேருந்து ஏன் வரவில்லை, யார் வீட்டில் துக்கம், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், இதற்கெல்லாம் ஓடை கிடையாது, கிடைக்கவும் போவதில்லை. துக்கச் செய்தி குழுவில் வந்தால் ஐந்து நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். அந்த வேலையை வேறெதுவும் செய்யாது. தமிழ் நேசன் நாளிதழ் 2019ல் நின்றுபோனபோது பெரியவர்கள் பலர் வருத்தப்பட்டதில் அஞ்சலி விளம்பரப் பக்கமும் அடக்கம், அந்த இடத்தையும் புலனம்தான் பிடித்தது. ஆக, குழுக்களை விட்டு வெளியே வந்துவிடு என்று யாராவது அறிவுரை சொன்னால் அவர் நம் ஊரில் குடியிருப்பவர் இல்லை.

முகநூல், சேனல், மின்னஞ்சல்

ஊர்ச் சேதி புலனத்துக்கு, சரி. மற்றதற்கு? நாட்டு நடப்பு, கல்விச் செய்தி, வேலைவாய்ப்பு, சினிமா, கால்பந்து, விவசாயம், பிடித்த எழுத்தாளர், இதற்கெல்லாம் நம்மில் நிறையப் பேர் முகநூலைத்தான் நம்பியிருக்கிறோம். பக்கத்தை ‘லைக்’ பண்ணியாச்சு, இனி அவர்கள் போடுவதெல்லாம் வரும் என்று நினைப்போம். வராது. 2018 ஜனவரியில் முகநூல் வெளிப்படையாகவே அறிவித்தது: நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கு முன்னுரிமை, பக்கங்களின் பதிவுகள் பின்னுக்குப் போகும் என்று. சின்னத் தமிழ்ச் செய்தித்தளம் ஒன்று மாணவர்களுக்கான உதவித்தொகை பற்றி எழுதியிருந்தால், யாரும் சண்டை போடாத அந்தப் பதிவு நம் கண்ணில் படாமலே போக வாய்ப்பு அதிகம். யாரோ யாரையோ திட்டிய காணொளி மட்டும் மூன்று தடவை வந்து நிற்கும். ஓடையில் அந்த உதவித்தொகைப் பதிவும் ஒரு வரி, அந்தச் சண்டையும் ஒரு வரி. எதைத் தட்டுவது என்பது நம் பாடு.

முகநூல் செய்கிற ஒரு நல்ல காரியத்தை மறைக்கக்கூடாது. நாம் தேடாத ஒன்றைக் கொண்டுவந்து காட்டும். ஓடையில் அது கிடையாது. நாம் சேர்த்த தளங்கள் மட்டும்தான், அதற்கு வெளியே என்ன நடந்தாலும் தெரியாது. அரசியலில் ஒரு பக்கத்துத் தளங்களை மட்டும் சேர்த்துவைத்தவர் அந்தப் பக்கத்தையே படித்துக்கொண்டிருப்பார், அதற்கு எந்த நிறுவனத்தையும் குறை சொல்ல முடியாது.

வாட்சாப் சேனல் 2023ல் வந்தது. செய்தி நிறுவனங்கள் பல அதில் இருக்கின்றன, பின்தொடர ஒரே தட்டு, நம் எண் மற்றவர்களுக்குத் தெரியாது, பெரியவர்களுக்கு ரொம்ப வசதி, புதிதாக ஒரு செயலியைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தினமும் ஒன்றிரண்டு மூலங்கள் போதும் என்பவருக்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன். குறை என்னவென்றால் பழைய பதிவுகள் 30 நாளைக்கு மேல் நிற்பதில்லை, பத்துச் சேனல் சேர்ந்தால் தலைப்பு வாரியாகப் பிரித்து வைக்க வழியில்லை, அப்புறம் நிறுவனம் எதைச் சேனலில் போடத் தேர்ந்தெடுக்கிறதோ அதுதான் வரும். தளத்தில் வெளியானது எல்லாம் வராது.

மின்னஞ்சல் மடல்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நம் பக்கம் மின்னஞ்சலை வேலை விண்ணப்பத்துக்கும் வங்கிக்கும் தவிர யார் திறக்கிறார்கள். திறப்பவர்களுக்கு ஒரு தகவல்: சப்ஸ்டாக் போன்ற மடல் தளங்களுக்கும் ஓடை இருக்கிறது, முகவரி கொடுக்காமலே படிக்கலாம்.

செய்தி நிறுவனங்களின் சொந்தச் செயலிகள் இன்னொரு வழி. வெள்ளம், தேர்தல் முடிவு மாதிரி அவசரத்துக்கு அவற்றின் அறிவிப்புதான் முந்தி வரும். ஓடையை நம் செயலி அவ்வப்போது போய்ப் பார்த்துத்தான் எடுத்துவருகிறது, அதிலும் இலவசக் கணக்கு என்றால் இன்னும் தாமதமாகும். மழை பிடித்து ஆற்றில் தண்ணீர் ஏறுகிற இரவில் ஓடையை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

செத்துப்போன தொழில்நுட்பமா?

இந்தக் கேள்விக்குக் காரணம் கூகுள் ரீடர் என்ற ஓடை வாசிப்புச் சேவை. 2005ல் வந்து, இலவசம் என்பதால் எல்லாரையும் இழுத்துக்கொண்டு, 2013 ஜூலை 1ஆம் தேதி மூடப்பட்டது. தமிழ் வலைப்பதிவு ஓஹோ என்று இருந்த காலத்தில் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் ஓடைகளைச் சேகரித்துத்தான் யார் என்ன எழுதினார்கள் என்று ஒரே பக்கத்தில் காட்டின. கோலாலம்பூரில் ஒருவர் எழுதினால் டொராண்டோவில் ஒருவர் அரை நாளுக்குள் படித்துவிடுவார். அந்தக் கூட்டம் முகநூலுக்குப் போனது, ரீடரும் மூடியது, ஃபயர்பாக்ஸ் உலாவியும் 2018 கடைசியில் தன்னுள் இருந்த ஓடை வசதியை எடுத்துவிட்டது. வெளியில் இருந்து பார்த்தால் சாவு மேளம்தான்.

ஆனால் ஓடை போகவில்லை, கண்ணில் படாமல் ஓடுகிறது. நீங்கள் கேட்கிற பாட்காஸ்ட்களில் பெரும்பாலானவை அடியில் ஆர்எஸ்எஸ்தான், ஒலிக்கோப்பை ஓடையில் இணைத்து அனுப்பும் வசதி 2000லேயே சேர்க்கப்பட்டது. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் நடக்கும் எந்தத் தளத்தின் முகவரிக்குப் பின்னாலும் ஒரு சாய்கோடும் ‘ஃபீட்’ என்ற சொல்லும் சேர்த்துப் பாருங்கள், வேண்டுமென்று அடைத்து வைத்திருந்தால் ஒழிய ஓடை வந்து நிற்கும். பிளாகருக்கும் உண்டு, பிபிசி தமிழுக்கும் உண்டு. யூடியூப் அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் உண்டு, கடைசி 15 காணொளிகள் வரிசையாக வரும். பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித்தரும் அலைவரிசையை மட்டும் ஓடையில் போட்டுக் கொடுத்தால் பக்கத்தில் நீளும் பரிந்துரைக் காணொளிகளில் அவர்கள் தொலைந்துபோவது குறையும். முகநூலும் அப்போதைய ட்விட்டரும் தங்கள் ஓடைகளை மூடியாகிவிட்டது, அங்கே மட்டும் எழுதுகிறவர்களை இந்த வழியில் பிடிக்க முடியாது.

செயலிகளுக்குப் பஞ்சமில்லை. ஃபீட்லி, இனோரீடர் இரண்டும் உலாவியிலும் கைப்பேசியிலும் ஓடும், இலவசக் கணக்கில் இத்தனை ஓடைதான் என்று வரம்பு இருக்கும், நம் தேவைக்கு அந்த வரம்பே தாராளம். ஆண்ட்ராய்டில் ‘ஃபீடர்’ என்று ஒன்று, ஐபோனில் ‘நெட்நியூஸ்வயர்’, இரண்டும் முழு இலவசம், ஃபீடருக்குக் கணக்குகூடத் திறக்க வேண்டாம். பிரிபெய்ட் டேட்டாவைப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பவர்களுக்கு இது நல்ல வழி. ஓடை வெறும் எழுத்து என்பதால் பாரம் குறைவு; வீட்டு வைஃபையிலேயே கட்டுரைகளை இறக்கி வைத்துக்கொண்டால், தோட்டத்துக்குள் போய் ஒரு கோடுகூட அலை இல்லாத இடத்தில் வெளிக்காட்டு வேலைக்கு நடுவே உட்கார்ந்து படிக்கலாம். முகநூல் அங்கே சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஓடையின் தொல்லைகள்

முதல் தொல்லை தொடங்குவதுதான். பல தளங்கள் ஓடையை வைத்துக்கொண்டே அதற்கான பொத்தானைக் காட்டுவதில்லை, முகவரியைத் தோண்டி எடுக்கவேண்டும். தளத்தின் சாதாரண முகவரியைக் கொடுத்தாலே ஓடையைக் கண்டுபிடிக்கும் செயலிகள் இருக்கின்றன என்றாலும், அது கிடைக்காதபோது ஏன் கிடைக்கவில்லை என்று சாதாரண ஆளுக்குப் புரியாது. அரசாங்கத் தளங்களில் இது ஒரு அதிர்ஷ்டச் சீட்டு. ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது, ஒன்றில் இருந்தும் எப்போதோ கடைசியாகப் போட்ட அறிவிப்போடு நிற்கும்.

அதைவிட மோசம், ஓடை சத்தமில்லாமல் நின்றுபோவது. தளத்தைப் புதுப்பிக்கிறார்கள், முகவரி மாறுகிறது, ஓடை அறுந்துவிடுகிறது. செயலி மணி அடித்துச் சொல்லாது, எங்கோ ஒரு மூலையில் சின்னக் குறி மட்டும் போடும், பால் வற்றிய ரப்பர் மரத்தில் மங்கு தொங்குகிற மாதிரி அந்தத் தலைப்பு பட்டியலில் தொங்கிக்கொண்டே இருக்கும். நாமும் அவர்கள் ஒன்றும் எழுதவில்லை போல என்று இருந்துவிடுவோம். விண்ணப்பத் தேதி மாதிரி முக்கியமான ஒன்றை ஓடையில் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது நேரே தளத்துக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. இதைப் பெரும்பாலான ஒப்பீடுகளில் சொல்வதே இல்லை.

தமிழுக்கு என்று ஒரு தனித் தொல்லை உண்டு. சுருக்கம் மட்டும் கொடுக்கும் ஓடைகளில் இத்தனை எழுத்தோடு வெட்டு என்று நிரல் எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில் எங்கே வெட்டினாலும் முழு எழுத்து நிற்கும். தமிழில் ‘கோ’ என்பது கணினிக்கு ‘க’வும் அதன் குறியும் தனித்தனி, நடுவில் வெட்டு விழுந்தால் கோயில் ‘க’வோடு நிற்கும், இல்லையென்றால் கேள்விக்குறியோ கட்டமோ வால் பிடித்து நிற்கும். படிக்க முடியாமல் போகாது, எரிச்சல்தான். முழுக்கட்டுரை தருகிற ஓடைகளில் இது வராது, ஆனால் அப்படித் தரும் தளங்கள் குறைவு. தளத்துக்கு நாம் போனால்தானே அவர்களுக்கு விளம்பரக் காசு, அதைக் குறை சொல்வதில் நியாயமில்லை. சின்னத் தமிழ்த் தளம் என்றால் இணைப்பைத் தட்டி உள்ளே போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் அந்தப் ‘படிக்காதவை’ எண்ணிக்கை. பெரிய செய்தித்தளம் ஒன்றின் மொத்த ஓடையைச் சேர்த்தால் இரண்டே நாளில் அது நூறுகளில் நிற்கும், பார்க்கவே மனசு சோர்ந்துவிடும். தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் செய்தி ஒன்றை நான்கு தளங்கள் எடுத்துப் போட்டிருந்தால் நான்கு முறை வரும். வேகமாகப் போடும் தளங்களைச் சேர்க்காமல், வாரத்துக்கு ஒன்றிரண்டு எழுதும் இடங்களைச் சேர்ப்பதுதான் இதற்கு மருந்து. அடிக்கடி எழுதுகிறவர் எப்படியும் எங்காவது கண்ணில் படுவார். எப்போதாவது எழுதுகிறவரைத்தான் நாம் மறந்துவிடுகிறோம், அவரை நினைவு வைத்துக்கொள்ளும் வேலையை ஓடை மாதிரி வேறெதுவும் செய்வதில்லை.

யாருக்கு எது

இரண்டு மூன்று தளம்தான் படிப்பேன் என்றால் ஆர்எஸ்எஸ் வேண்டாம், உலாவியில் குறித்து வைத்துக்கொண்டால் போதும், அல்லது சேனல். அப்பா அம்மாவுக்கும் சேனல்தான். ஓய்வுபெற்று, படிக்க நேரமும் ஆர்வமும் உள்ள ஆசிரியர், பல்கலைக்கழக விண்ணப்பமும் உதவித்தொகையும் வேலை அறிவிப்பும் ஒரே நேரத்தில் கவனிக்கவேண்டிய எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளை, கொஞ்சம் நிலத்தில் செம்பனையோ ரப்பரோ போட்டுக்கொண்டு விலை, மழை, உரம் என்று பத்து இடத்தில் தகவல் பொறுக்குகிறவர், இவர்களுக்கு ஓடை கட்டிக்கொடுத்தால் உண்மையிலேயே நேரம் மிச்சம். விலை மட்டும் போடும் பக்கங்களுக்குப் பெரும்பாலும் ஓடை இருக்காது, பக்கம் மாறினால் சொல்லும் வசதி சில செயலிகளில் இருக்கிறது, அதற்குப் பணம் கட்டவேண்டும். அந்த வெள்ளியைக் கொடுப்பதற்குப் பதில் அந்தப் பக்கத்தை நேரே திறந்துவிடலாம். எந்தச் செயலியில் தொடங்கினாலும் ஓபிஎம்எல் என்ற கோப்பாகப் பட்டியலை வெளியே எடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். எடுக்க முடிந்தால் நாளைக்கு அந்தச் செயலி மூடினாலும் வேறொன்றில் ஏற்றிக்கொள்ளலாம், ரீடர் மூடியபோது தப்பித்தவர்கள் எல்லாம் இப்படித்தான் தப்பித்தார்கள்.

கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிளாகரில் காசில்லாமல் ஒரு பக்கம் திறந்து அறிவிப்பை முதலில் அங்கே போட்டுவிட்டு, அந்த இணைப்பைக் குழுவில் பகிர்ந்தால் போதும். குழுவில் பார்ப்பவர் வழக்கம்போல் பார்ப்பார், கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் ஓடையில் சேர்த்துக்கொள்வார்கள், ஆறு மாதம் கழித்து யாராவது அதே அறிவிப்பைத் திரும்பச் சுற்றவிட்டால் இணைப்பைத் தட்டிய உடனே தேதி தெரிந்துவிடும்.